சிரிப்புக்குரிய காவலர்: 'கின்தமா' யப்பானியச் சித்திரத் தொடரில் நகையும் அழுகையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசும் இந்த நேரத்தில் யப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், 'இது பிள்ளைகள் பார்க்கும் சமாசாரம் அல்லவா?' என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகள் பார்ப்பது உண்மைதான். உயர்தர வகுப்பில் மெய்ப்பாட்டியல் படிப்பிக்கும்போது, நகைச்சுவைக்கு உதாரணம் கேட்டால், இன்றைய மாணவர் சிலர் நம் பழைய நூல்களை விட்டுவிட்டு இத்தகைய தொடர்களைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நல்லது. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அதிகாரத்தையும் ஆயுதத்தையும் கையில் வைத்திருப்பவர்களை நகைப்புக்கு இடமாக்குவது எப்படி, அது எதுவரை செல்லலாம் என்பது எந்த மொழி இலக்கியத்துக்கும் உரிய கேள்வி. அந்தக் கேள்வியை இத்தொடர் தன் போக்கில் எழுப்புகிறது.

தொடரின் பெயர் 'கின்தமா'. யப்பானிய மொழியில் 'வெள்ளி ஆன்மா' என்று பொருள்படும். இதை ஆக்கியவர் ஹொக்கைடோத் தீவைச் சேர்ந்த சொராச்சி ஹிதெஆகி. 2003ஆம் ஆண்டு டிசெம்பரில் 'ஷோனென் ஜம்ப்' என்னும் வாராந்தச் சஞ்சிகையில் சித்திரக் கதையாகத் தொடங்கிய இது, 2019இல் நிறைவெய்தியபோது 77 தொகுதிகளாக வளர்ந்திருந்தது. 2006 ஏப்ரிலில் தொலைக்காட்சித் தொடராக வெளிவரத் தொடங்கி, இடையிடையே நின்றும் மீண்டும், 2018 ஒக்டோபர் வரை 367 அங்கங்கள் ஒளிபரப்பாகின. இதன் கதையை முடித்துவைத்த திரைப்படம் 2021 ஜனவரியில் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமுதாயத்தைச் சிரிக்க வைத்த படைப்பைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

முதலில் கதைக் களத்தை நோக்குவோம். அதற்கு யப்பானிய வரலாற்றில் சிறிது தெரிந்திருத்தல் வேண்டும்.

1603 முதல் தொக்குகவா வம்சத்து ஷோகுன்கள், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர்கள், எடோ நகரில் இருந்து யப்பானை ஆண்டனர். இன்றைய டோக்கியோவின் பழைய பெயரே எடோ. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நாடு அந்நியருக்குப் பெரும்பாலும் கதவடைத்தே இருந்தது. 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி, கரிய புகை கக்கும் கப்பல்களோடு எடோ விரிகுடாவின் வாயிலுக்கு வந்து நின்றார். அடுத்த ஆண்டே ஷோகுன் ஆட்சி அவரோடு உடன்படிக்கை செய்யவேண்டியதாயிற்று. அந்நியருக்கு இணங்கிய ஆட்சியின்மேல் நாட்டில் வெறுப்பு மூண்டது. 'பேரரசரைப் போற்று, அந்நியரை விரட்டு' என்ற முழக்கத்தோடு இளம் சாமுராய்கள் கிளர்ந்தெழுந்தனர். 1868இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. மெய்ஜிப் பேரரசரின் புதிய அரசு அமைந்தது. 1876இல் சாமுராய்கள் வாள் அணிந்து செல்வதையே அந்த அரசு தடைசெய்துவிட்டது.

சொராச்சி இந்த வரலாற்றில் ஒரேயொரு மாற்றத்தைச் செய்கிறார். கரிய கப்பல்களுக்குப் பதிலாக விண்கலங்கள் வருகின்றன. அமெரிக்கருக்குப் பதிலாக வேற்றுக் கிரகவாசிகள் வருகிறார்கள். அவர்களுக்கு அவர் இடும் பெயர் 'அமந்தோ'. எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொண்டால் 'வானோர்' எனலாம். வானோர் வந்து எடோவைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஷோகுன் பொம்மையாகிறார், வாளுக்குத் தடை வருகிறது. நகரின் நடுவே விண்கலங்கள் வந்திறங்கும் மாபெரும் கோபுரம் எழுகிறது. ஆனால் மக்கள் கிமோனோ உடுத்தி, மரவீடுகளில் வாழ்கிறார்கள். அவ்வீடுகளிலே தொலைக்காட்சி இருக்கிறது. வீதியிலே மோட்டார் ஸ்கூட்டர் ஓடுகிறது. கடந்த காலமும் எதிர்காலமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. இந்த வினோதமான எடோவில், வாள் இழந்த சாமுராய் சகாதா கின்தொகி, எந்த வேலையையும் கூலிக்குச் செய்துகொடுக்கும் கடையொன்றை நடத்துகிறான். அவனுக்குத் துணையாக ஷின்பாச்சி என்ற கண்ணாடி அணிந்த இளைஞனும், ககுரா என்ற வேற்றுக் கிரகச் சிறுமியும் இருக்கிறார்கள்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இம்மூவரைப் பற்றியன்று. இவர்களோடு ஓயாமல் முட்டிமோதும் அந்த நகரத்துப் பொலிஸ் படையைப் பற்றியே. அதன் பெயர் ஷின்சென்குமி.

இந்தப் பெயர் கற்பனையன்று. 1863இல் கியோட்டோ நகரின் பாதுகாப்புக்கென அமைக்கப்பட்ட உண்மையான படை ஒன்றின் பெயர் இது. அய்சு நாட்டுப் பிரபுவும் கியோட்டோவின் காவல் பொறுப்பாளருமான மட்சுதைரா கத்தமோரியின் கீழ் அது இயங்கிற்று. தலைவர் கொண்டோ இசாமி, துணைத் தலைவர் ஹிஜிகதா தொஷிசோ ஆகிய இருவரும் எடோவுக்கு மேற்கேயுள்ள தாமாப் பகுதியின் கமக்காரக் குடும்பங்களிலே பிறந்தவர்கள். ஹிஜிகதா இளமையில் தம் குடும்பத்து மருந்தை ஊரூராகக் கொண்டு சென்று விற்றவர் என்பர். பிறப்பால் சாமுராய் அல்லாத இவர்கள், சாமுராய்களைவிட மேலான சாமுராய்களாக வாழ்ந்து காட்டவேண்டும் என்ற வெறியோடு வாழ்ந்தார்கள். படை அமைந்த வேளையில் ஹிஜிகதாவுக்கு வயது இருபத்தெட்டு. சைத்தோ ஹஜிமே என்பவருக்குப் பத்தொன்பது. வாள்வித்தையில் நிகரற்றவர் எனப் பெயர்பெற்ற ஒகிதா சோஜியும் அவ்வாறே மிக இளையவர். எல்லாரும் இளைஞர். வாள் பயிலும் கூடத்திலிருந்து நேரே காவற் பணிக்கு வந்தவர்கள். அவர்களின் கொடியில் 'மெய்ம்மை' என்ற ஒற்றை எழுத்து இருந்தது. கியோட்டோ மக்களோ அவர்கள் தங்கியிருந்த மிபு என்னும் இடத்தின் பெயரைச் சேர்த்து, 'மிபு ஓநாய்கள்' என்று அவர்களை இகழ்ந்தனர்.

அந்த இகழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. 1864இல் இகேதாயா என்ற சத்திரத்தில் இரகசியமாகக் கூடிய கிளர்ச்சிக்காரரை இவர்கள் இரவோடு இரவாகத் தாக்கி வெட்டினார்கள். அந்தக் கூட்டம் பற்றிய செய்தியைப் பெறுவதற்காக ஃபுருதகா என்பவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். தம் படையினுள்ளேயே மாறுபட்டவர்களையும் கொன்றார்கள். முதல் தலைவர்களுள் ஒருவரான செரிசாவா கமோ 1863இல் தம் கூட்டத்தவராலேயே உறக்கத்தில் வெட்டுண்டார். யமனமி கெய்சுகே என்பவர் 1865இல் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாளும்படி ஆயிற்று. ஈற்றில் அவர்கள் நம்பிய ஆட்சி கவிழ்ந்தது. 1868இல் கொண்டோ பிடிபட்டு, எடோவை அடுத்த இதபாஷியில் தலை வெட்டப்பட்டார். அதே ஆண்டில் ஒகிதா சயரோகத்தால் இறந்தார். வடக்கே ஹொக்கைடோ வரை போரிட்டுச் சென்ற ஹிஜிகதா 1869 ஜூன் மாதத்தில் ஹக்கொடாத்தேயில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு.

நேயர்களே, இந்தச் சரிதத்தைக் கேட்கும் எவரும் இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்றே கேட்பார். சொராச்சியின் துணிவு இங்கேதான் தொடங்குகிறது.

அவர் பெயர்களைச் சற்றே திரிக்கிறார். 'ஷின்சென்குமி' என்பதன் முதல் எழுத்து 'புதிய' என்று பொருள்படுவது. அதே ஒலியுள்ள, ஆனால் 'உண்மையான' என்று பொருள்படும் வேறோர் எழுத்தை அங்கே வைக்கிறார். கொண்டோ இசாமி, கொண்டோ இசாவோ ஆகிறார். ஹிஜிகதா தொஷிசோ, தொஷிரோ ஆகிறார். ஒகிதா சோஜி, சோகோ ஆகிறார். பிரபு மட்சுதைரா கத்தமோரிக்கு நேர்ந்த கதியோ பெரிது. தொடரிலே அவர் பெயர் மட்சுதைரா கதகுரிகோ. 'கதகுரிகோ' என்பது யப்பானியச் சமையலறைகளில் குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படும் மாவின் பெயர். ஒரு பெரும் பிரபுவை ஒரு பெயர்த் திரிபால் மாப்பைக்குள் அடைத்துவிடுகிறார். நம் காளமேகப் புலவர் இருந்திருந்தால் இந்தச் சிலேடைக்குத் தலையசைத்திருப்பார்.

பெயரைத் திரித்ததைப் போலவே குணத்தையும் திரிக்கிறார். தலைவர் கொண்டோ, தம்மை ஏறெடுத்தும் பாராத ஒரு பெண்ணின் பின்னால் அலைந்து அடிவாங்குகிறார். துணைத் தலைவர் ஹிஜிகதா, எந்த உணவு வந்தாலும் அதன்மேல் மலைபோல் மயோனைஸைக் கொட்டித் தின்கிறார். பதினெட்டு வயது ஒகிதா, துணைத் தலைவர் பதவி தனக்கு வேண்டும் என்பதற்காகப் பட்டப்பகலில் ஹிஜிகதாவைக் கொல்லப் பார்க்கிறான். வேவு பார்க்கவேண்டிய யமசாகி கடமை நேரத்தில் பூப்பந்து ஆடுகிறான். மக்கள் இவர்களை 'வரிப்பணத் திருடர்' என்று ஏசுகிறார்கள். 'மிபு ஓநாய்கள்' என்ற பழைய வசையின் புதிய வடிவம் இது எனலாம்.

இகேதாயாவும் தொடரின் தொடக்கத்திலேயே வருகிறது. சத்திரமாக அன்று, ஹோட்டலாக வருகிறது. கிளர்ச்சிக்காரர் தலைவன் கட்சுரா அங்கே ஒளிந்திருக்க, பொலிஸார் கதவை உடைத்துப் பாய்கின்றனர். ஒரு வெடிகுண்டு ஆளுக்கு ஆள் கைமாறி, கடைசியில் வானத்திலே வெடித்துப் போகிறது. எவரும் சாகவில்லை. கட்சுரா தப்பிவிடுகிறான். அதன்பின் நூற்றுக்கணக்கான அங்கங்களில் அவன் தப்பிக்கொண்டே இருக்கிறான். இதுவும் வெறுங் கற்பனை அன்று. இந்தக் கட்சுராவுக்கு மூலமான கட்சுரா கொகோரோ, 1864இல் இகேதாயாவில் வெட்டுண்ணாமல் தப்பியவர். 'தப்பியோடும் கொகோரோ' என்றே பெயர் எடுத்தவர். பின்னாளில் கிடோ தக்கயொஷி என்ற பெயரோடு மெய்ஜி அரசை அமைத்த முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். வரலாறு தெரிந்தவனுக்கு ஒரு சிரிப்பு, தெரியாதவனுக்கு வேறொரு சிரிப்பு என்று இருபடித்தாக அமைத்திருப்பது ஆசிரியரின் திறமை.

இந்த நகை எங்கிருந்து பிறக்கிறது என்று நம் இலக்கண நூல்வழி நின்று பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுத்தார். ஒன்று எள்ளல், பிறரை இகழ்வதாலும் பிறரால் இகழப்படுவதாலும் வருவது. அடுத்தது இளமை, சிறுபிள்ளைத்தன்மையால் வருவது. மூன்றாவது பேதைமை, அறிவின்மையால் வருவது. நான்காவது மடன். இந்த மடன் என்பதற்கும் பேதைமைக்கும் வேறுபாடு என்ன என்று மாணவர் தவறாமல் கேட்பர். உரையாசிரியர் பேராசிரியர் அதற்குத் தெளிவான விளக்கம் தந்திருக்கிறார். ஒன்றைப் பிறர் கொள்ளச் செய்யக் கொண்டு, கொண்டதை விடாதிருப்பதே மடன் என்பது அவர் கருத்து.

ஷின்சென்குமியில் முதல் மூன்றும் நிரம்ப உண்டு. மக்கள் ஏசுவது எள்ளல். ஒகிதாவின் குறும்பு இளமை. கொண்டோவின் காதல் பேதைமை. ஆனால் இத்தொடரின் உயிர் நான்காவதில் இருக்கிறது என்பது என் துணிபு. கொண்டதை விடாமை என்ற அந்த ஒரே குணம் சிரிப்புக்கும் இடமாகிறது, அவர்களின் பெருமைக்கும் இடமாகிறது, அழிவுக்கும் இடமாகிறது. மயோனைஸை விடாத அதே ஹிஜிகதாதான் தலைவரையும் விடாதவர். வரலாற்று ஹிஜிகதா, ஆட்சி கவிழ்ந்து, தலைவர் தலையிழந்து, தோழர் கலைந்த பின்பும், வடகோடிக்குச் சென்று போரிட்டு மாண்டது எதனால்? கொண்டது விடாமையால். அறிவுடைமை என்று சிலர் அதைச் சொல்லமாட்டார். மறம் என்று சிலர் சொல்லுவர். சொராச்சி அதை முதலில் சிரிக்கத்தக்கதாகக் காட்டி, பின்பு சிரித்தவர்களைச் சிந்திக்க வைக்கிறார்.

இரண்டு உதாரணங்கள் சொல்லுகிறேன்.

தவளை முகம் கொண்ட வேற்றுக் கிரக அதிகாரி ஒருவர் வருகிறார். போதைப் பொருள் கடத்துபவர் என்ற சந்தேகத்துக்கு உரியவர். கிளர்ச்சிக்காரர் அவரைக் கொல்ல முயலுகின்றனர். ஷின்சென்குமிக்கு இடப்பட்ட கட்டளை, அவரைக் காக்கவேண்டும் என்பது. துப்பாக்கிக் குண்டு பாயும் தருணத்தில் கொண்டோ குறுக்கே விழுந்து அதைத் தம் உடலில் ஏற்கிறார். அந்த அதிகாரியோ நன்றி சொல்வதற்குப் பதிலாக இவர்களை இகழ்கிறார். ஒகிதா என்ன செய்கிறான் தெரியுமா? அந்தத் தவளையாரைக் கட்டிவைத்து, கீழே நெருப்பை மூட்டி, கொலைகாரரை வரவழைக்கும் இரையாக்குகிறான். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் தகுதியற்றவனைக் காக்கும்படி கட்டளை வந்தால் காவலன் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அந்தச் சிரிப்பின் அடியில் கிடக்கிறது. கட்டளை பெரிதா, மனச்சாட்சி பெரிதா? இளைஞன் ஒகிதா ஒரு விடை சொல்லுகிறான். தலைவர் கொண்டோ தம் உடம்பாலேயே வேறொரு விடை சொல்லுகிறார். இருவரையும் ஆசிரியர் இழிவுபடுத்தவில்லை. நம் செய்யுளியல் கூறும் அங்கதத்தில் வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் என்றும், பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் பிரித்தனர். இது பழிகரப்பு. பழிக்கப்படுவது காவலரல்லர், அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய, அந்நியனுக்குக் குனிந்த ஆட்சியே.

மற்றது ஒகிதாவின் அக்கா மிட்சுபா வரும் பகுதி. வரலாற்று ஒகிதாவுக்கும் மிட்சு என்றொரு அக்கா இருந்தார். நோயால் இறந்தவர் தம்பி. தொடரிலோ நோய் அக்காவுக்கு மாற்றப்படுகிறது. தம்பி உயிரோடிருந்து அவள் சாவைப் பார்க்கவேண்டியிருக்கிறது. மிட்சுபாவுக்கு ஒரு விநோதப் பழக்கம்: எதையும் தாங்கமுடியாத உறைப்போடுதான் தின்பாள். இதை வைத்துப் பல வேடிக்கைகள் நடக்கின்றன. அவள் மனம் நாடியவர் ஹிஜிகதா. அவரோ, என்றைக்குச் சாவு வருமோ என்று தெரியாத தொழிலில் உள்ள தாம் அவளை மணக்கக்கூடாது என்று ஒதுங்கியவர். அவளை மணக்கவிருப்பவன் ஆயுதக் கடத்தற்காரன் என்று தெரிந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் தனியே சென்று அவனோடு பொருதுகிறார். அவள் இறந்துபோகிறாள். மருத்துவமனையின் மேல்மாடியிலே தனியே அமர்ந்து, அவள் விரும்பிய உறைப்பு அரிசி அப்பத்தைக் கடித்துக்கொண்டு ஹிஜிகதா அழுகிறார். கேட்டால், உறைப்பு தாங்க முடியவில்லை என்கிறார். அவ்வளவுதான். முன்பு நம்மைச் சிரிக்க வைத்த அதே உறைப்பு இப்போது கண்ணீருக்குச் சாட்டாகிறது. தொல்காப்பியர் நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். அதன் நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது ஏன் என்று மாணவருக்கு விளக்க, இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, ஒரு தடையை எழுப்பிக்கொண்டு விடைகாண வேண்டும். இரத்தக் கறை படிந்த ஒரு படையை வேடிக்கைப் பொருளாக்குவது முறையா? கொன்றவனைக் கோமாளியாகக் காட்டினால் கொலை மறந்துபோகாதா? ஃபுருதகா பட்ட சித்திரவதையைத் தொடர் காட்டவில்லை. இகேதாயாவில் செத்தவர்களையும் காட்டவில்லை. இது வரலாற்றை வெள்ளையடிப்பது ஆகாதா?

இந்தத் தடை வலியது, தட்டிக்கழிக்க முடியாதது. ஆனால் ஷின்சென்குமியைப் பற்றிய யப்பானியரின் எண்ணம் எவ்வாறு மாறி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மெய்ஜி அரசை அமைத்தவர்கள் ஷின்சென்குமியின் பகைவர்கள். வென்றவர் எழுதிய வரலாற்றில் தோற்றவர் கொலைகாரக் கும்பலாகவே இருந்தனர். 1924இல் எழுதத் தொடங்கப்பெற்ற ஒசராகி ஜிரோவின் 'குராமா தெங்கு' கதைகளிலும் இவர்கள் கதாநாயகனின் எதிரிகளே. 1928இல் ஷிமோசாவா கன் என்ற எழுத்தாளர், உயிரோடிருந்த முதியவர்களைக் கேட்டும் ஊர்களில் தேடியும் ஷின்சென்குமியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1960களில் ஷிபா ரியோதாரோ ஹிஜிகதாவைத் தலைவனாக வைத்து 'மொயெயோ கென்' என்ற பெருநாவலைப் படைத்தார். அதன்பின் இவர்கள் தோற்றுப்போன வீரர்களாக, அவலச்சுவைக்கு உரியவர்களாக மாறினார்கள். 2004இல் என்.எச்.கே. தொலைக்காட்சி ஓராண்டுத் தொடராகவே இவர்களின் கதையை ஒளிபரப்பியது. ஆக, முதலில் கொடியவர், பின்பு வீரர். இரண்டுமே மனிதரைப் பொம்மையாக்குவன. முதலாவது அஞ்சத்தக்க பொம்மை, இரண்டாவது வணங்கத்தக்க பொம்மை.

சொராச்சி இந்த இரண்டையும் உடைக்கிறார். மயோனைஸ் தின்று, காதலியிடம் அடிவாங்கி, பதவிக்குச் சண்டை பிடிக்கும் ஒருவனை எவரும் தெய்வமாக்கமுடியாது, பேயாக்கவும் முடியாது. வீரவழிபாடு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கடந்த நூற்றாண்டில் யப்பானியர் தம் நாட்டிலேயே கண்டவர்கள். வாளையும் சாவையும் போற்றிப் போற்றி, 1945இல் நாடு சாம்பராகும் வரை சென்றவர்கள். அப்படிப்பட்ட நாட்டில், ஆயுதம் தாங்கியவனைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பது அற்பமான பணியன்று.

அதற்காக இத்தொடரில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதைத் திரும்பத் திரும்ப வேடிக்கையாக்குவது எனக்கு உவப்பாயில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கொண்டோவை அடித்து வீழ்த்துகிறாள் என்பது சமாதானம் ஆகாது. மலினமான பகிடிகளும் உண்டு. சிறுவர் பார்க்கும் வேளையில் பெரியவர் அருகிலிருத்தல் நன்று. சித்திரவதையையும் படையினுள் நடந்த கொலைகளையும் தொடர் பெரிதும் தவிர்த்துவிடுவதும் குறையே. தொடரைப் பார்த்து ஷின்சென்குமியை நேசிக்கும் இளைஞர், வரலாற்று நூலையும் ஒருமுறை புரட்டவேண்டும்.

நிறைவாக ஒன்றைச் சொல்லவேண்டும். 'ஷின்சென்குமி பிரியாவிடை' எனத்தக்க பகுதியொன்று 2016இன் தொடக்கத்தில் ஒளிபரப்பாயிற்று. ஷோகுன் கொல்லப்படுகிறார். புதிய ஷோகுன் வருகிறார். ஷின்சென்குமி கலைக்கப்படுகிறது. கொண்டோவுக்கு மரண தண்டனை. வரலாறு அறிந்த யப்பானியர் ஒவ்வொருவருக்கும் இவ்விடத்தில் 1868ஆம் ஆண்டின் இதபாஷி நினைவுக்கு வராமல் இராது. பத்தாண்டுகள் சிரித்த சிரிப்பு தொண்டையில் அடைக்கிறது. ஆனால் கதை வேறு வழியில் திரும்புகிறது. ஒரே தீவுச் சிறையில் கொண்டோவும், அவர் இத்தனை காலம் துரத்திய கட்சுராவும் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களை மீட்க, வேலையிழந்த பொலிஸாரும், கட்சுராவின் கிளர்ச்சிக்காரரும், கின்தொகியின் கூட்டத்தாரும் ஒன்றாகச் செல்கிறார்கள். இகேதாயாவில் ஒருவரையொருவர் வெட்டியவர்களின் பெயரைத் தாங்கியவர்கள், இங்கே தோளோடு தோள் நின்று ஒரு தலையைக் காப்பாற்றுகிறார்கள்.

வரலாறு செய்ய மறுத்ததைக் கதை செய்துகாட்டுகிறது. இது பொய்தான். ஆனால் எப்படிப்பட்ட பொய்? இருதரப்பாரும் ஒரே காலத்து இளைஞர். தம் நாட்டைத் தத்தம் வழியில் நேசித்தவர். வேறொரு சந்தர்ப்பம் வாய்த்திருந்தால் நண்பராயிருக்கக்கூடியவர் என்பதை உணர்த்தும் பொய். நீண்ட காலம் ஒருவரையொருவர் துரத்தியவர்கள் சேர்ந்து நிற்பதை நம்பமுடிவது எதனால்? அத்தனை ஆண்டுகளும் இருவரையும் பார்த்து நாம் சமமாகச் சிரித்திருக்கிறோம். எவரைப் பார்த்துச் சிரித்தோமோ அவரை வெறுப்பது கடினம். நகைச்சுவையின் பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

வரலாறும் தன் பங்குக்கு ஒரு சிறு ஆறுதலை வைத்திருக்கிறது. 1874இல் டோக்கியோ மாநகரப் பொலிஸ் திணைக்களம் அமைந்தது. ஷின்சென்குமியில் எஞ்சியிருந்த சைத்தோ ஹஜிமே, ஃபுஜிதா கொரோ என்ற புதுப் பெயரோடு அந்தப் பொலிஸில் சேர்ந்தார். தன் தலைவரைக் கொன்ற அரசின் காவலனாக அவர் பணியாற்றினார். நகாகுரா ஷின்பாச்சி என்ற மற்றொருவர் 1876இல் இதபாஷியிலே கொண்டோவுக்கும் ஹிஜிகதாவுக்கும் நினைவுக் கல் எழுப்ப முன்னின்றார். தம் நினைவுகளை முதுமையில் பத்திரிகைக்குச் சொல்லி, 1915இல் மறைந்தார். அந்த ஷின்பாச்சியின் பெயரைத்தான் சொராச்சி, தம் தொடரிலே எல்லாப் பைத்தியக்காரத்தனங்களையும் அருகிலிருந்து பார்த்து, 'இது சரியில்லை' என்று குறுக்கிட்டுக் கத்திக்கொண்டேயிருக்கும் அந்தக் கண்ணாடி இளைஞனுக்குச் சூட்டியிருக்கிறார். உண்மை ஷின்பாச்சி உயிர்பிழைத்து உலகுக்குச் சாட்சி சொன்னவர். கதை ஷின்பாச்சி சிரிப்பின் நடுவே நின்று சாட்சி சொல்பவன்.

காவலருக்குச் சாட்சி வேண்டும், நேயர்களே. அஞ்சாமல் பார்க்கிற, தவறினால் எடுத்துச் சொல்கிற, ஆனால் வெறுக்காத ஒரு சாட்சி. அந்த வேலையை ஒரு சமுதாயத்தில் நகைச்சுவை செய்யமுடியும் என்பதை 'கின்தமா' காட்டுகிறது. உங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கும்போது, அடுத்த முறை அருகில் அமர்ந்து, எதற்காகச் சிரிக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்லதொரு இலக்கிய உரையாடல் அங்கேயே தொடங்கக்கூடும்.